குருதிச் சபையின் வலக்கை

குடவாசலிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கம் வருகிற டவுன் பஸ்ஸில் ‘வலக்கை கடை’ என்று ஒரு நிறுத்தம் உண்டு. சாலையோரப் புங்கமரத்தடியில் என் வீட்டுக்காரர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த இடம் அது. கடை போய்விட்டது, மரமும் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. அங்கே இறங்குகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் வலக்கை என்றால் என்னவென்று கேட்டால், கடைக்காரருக்கு வலது கை விளங்காமல் இருந்திருக்கும் என்கிறார்கள். அவருக்கு விளங்காமல் போனது பாதம். கை நன்றாகத்தான் இருந்தது.

வலக்கை என்பது ஒரு பதவி. கொலை செய்வதற்கென்றே கூடிய ஒரு ரகசியச் சபையில் தலைவனுக்கு அடுத்த பதவி. அப்படி ஒரு சபை உலகத்தில் எங்கும் இருந்ததில்லை. ஒரு நாடகத்தில் இருந்தது. அந்தப் பதவிக்காக என் வீட்டுக்காரர் ஜெயிலில் இருந்தார்.

நாடகத்தை எழுதியவர் எங்கள் ஊர்க் கட்சி மன்றத்தை நடத்திய அண்ணன். ஊரே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடும். கொஞ்சம் நிலமும் ஓட்டுக் கட்டிடத்தில் ஒரு அச்சகமும் உள்ள குடும்பம். கட்சி ஆட்சிக்கு வந்த புதிது. மன்றத்தில் பேப்பர் படிக்க எங்கள் தெரு ஆட்களையும் உள்ளே கூப்பிட்டு பெஞ்சில் உட்காரச் சொன்னவர் அவர். டீக்கடைகளில் எங்களுக்குத் தனிக் குவளை இருந்த காலத்தில், மன்றத்தில் எல்லோருக்கும் ஒரே கண்ணாடி கிளாஸ். அதை நான் மறைத்துச் சொல்லக் கூடாது. அதற்காகத்தான் எங்கள் தெருவே அவர் பின்னால் போனது. எங்கள் கல்யாணத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். ஐயர் இல்லை, புகை இல்லை, மன்றத்து வாசலில் இரண்டு மாலை, ஒரு சொற்பொழிவு. சொற்பொழிவு சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிப் போனது.

நாடகத்தின் பெயர் ‘குருதிச் சபை’. ராஜா காலத்துக் கதை. விளைச்சலையெல்லாம் வரியாக வாரிக்கொண்டு போகும் மந்திரியையும் அவன் ஆட்களையும் தீர்த்துக்கட்ட ஒரு சபை கூடுகிறது. அதில் இருப்பவர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. வேவு பார்க்கிறவன் கண். சேதி கொண்டு போகிறவன் கால். ஆளைப் பிடித்து அமுக்குகிறவன் இடக்கை. வெட்டுகிறவன் வலக்கை. எல்லோருக்கும் மேலே, முகத்தில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு தலை இருப்பார். அவர் எதுவும் செய்ய வேண்டாம். தலையை அசைத்தால் போதும், வலக்கை போய் முடித்துவிட்டு வருவான். வலக்கையாகப் பதவி ஏற்கிறவன் கட்டைவிரலைக் கீறி ரத்தத்தில் சத்தியம் செய்ய வேண்டும். உடல் துண்டானாலும் தலையின் முகத்தைக் காட்ட மாட்டேன் என்பது சத்தியம்.

தலையாக அண்ணனே நடித்தார். வலக்கை என் வீட்டுக்காரர். பண்ணையில் நாற்றுப் பறிக்கிற, கதிர் அறுக்கிற கூலியாள் அவர். நல்ல உயரம், சிலம்பம் தெரியும், வாய் திறந்தால் அடுத்த ஊர்வரை கேட்கும். எழுத்துத்தான் தெரியாது. நான் எட்டாவது வரை படித்தவள். கல்யாணமான புதிதில் அவருக்கும் எனக்கும் இருந்த பேச்செல்லாம் அந்த வசனம்தான். நான் அடுப்படியில் இருந்தபடி வாசிப்பேன், அவர் வாசலில் வெறும் கையை வீசிக்கொண்டு திருப்பிச் சொல்வார்.

“வலக்கைக்கு ஏங்க பேரு வைக்கல?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“சபையில சேந்துட்டா பேரு இல்ல புள்ள. அதான் அதுக்குப் பெருமை.”

“இங்க மட்டும் என்னா, பண்ணையில உங்களப் பேரு சொல்லியா கூப்புடறாங்க?”

அவர் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்தச் சிரிப்பில்தான்.

கடைசிக் காட்சியில் வலக்கை பிடிபடுவான். சித்திரவதை செய்வார்கள். அவன் வாயைத் திறக்க மாட்டான். வெட்டப் போகும்போது கூட்டத்துக்குள்ளிருந்து தலை வெளியே வந்து, கறுப்புத் துணியை அவிழ்த்து வீசி, “கையைத் தண்டிக்காதே மன்னா, ஆணையிட்ட தலை இதோ நிற்கிறது” என்பார். அந்த இடத்தில் கைதட்டு அடங்க நேரமாகும். திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கே அழுகை வரும். ஒவ்வொரு மேடையிலும் வந்தது.

நாடகம் மாயவரம் பக்கமெல்லாம் போனது. மைக் செட்டும் விளக்கும் குடவாசல் கடைத்தெருவில் கடை வைத்திருந்த பாய் ஒருவருடையது. எந்த ஊரில் போட்டாலும் அவரே கூட வருவார். போன இடமெல்லாம் என் வீட்டுக்காரருக்குப் பெயர் போய் வலக்கை ஆனது. வயலில் நடவு நடுகிற பெண்கள்கூட, “வலக்கை அண்ணே, வரப்ப விட்டு எறங்குங்க” என்பார்கள்.

அந்த வருஷம் சம்பா அறுவடையின்போது கூலியைக் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் கதிர் அரிவாளைக் கீழே வைத்தார்கள். எங்கள் ஊரில் பாதி நிலம் ஒரே மிராசுதாருடையது. அவர் அசையவில்லை. லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர் பண்ணை ஏஜெண்டு. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மிராசுதார் தன் நிலத்தைப் பல பேர் பெயரில் எழுதிவைத்தார். அதில் ஒரு நல்ல பங்கு இந்த ஏஜெண்டின் பெயரில் இருந்தது. நிலம் யாருடையது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பட்டாவுக்குத்தான் தெரியாது.

வெளியூர் ஆட்கள் வயலில் இறங்கப் போன அன்று எங்கள் தெருவே வரப்பில் நின்றது. போலீஸ் வேன் சாலையில் நின்றது. என்ன பேசுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. யாரோ, “வலக்கை, நீ பேசு” என்றார்கள். அவருக்குச் சொந்தமாகப் பேசத் தெரியாது. தெரிந்த வசனத்தைச் சொன்னார். ஏஜெண்டைப் பார்த்து, மேடையில் சொல்கிற அதே குரலில், “தலை அசைந்தால் கை சும்மா இராது” என்றார். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். நாடகம் பார்த்திருந்த போலீஸ்காரர் ஒருவரும் சிரித்தார். ஏஜெண்டுகூடச் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

அந்த வாரமே ஏஜெண்டு வாய்க்கால் கரையில் வெட்டுப்பட்டுக் கிடந்தார்.

நடுப்பகலில் போலீஸ்காரர்கள் வந்தார்கள். என் வீட்டுக்காரர் கொல்லையில் கூரைக்கு முடைந்த கீற்றை வெயிலில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். சட்டை போடவும் விடவில்லை. வீட்டுக்குள் நுழைந்து தேடினார்கள். தேட அங்கே என்ன இருந்தது. பரணில் நாடகக் கத்தி இருந்தது. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளை ஒட்டி, நுனியில் சிவப்புச் சாயம் பூசியது. ஒரு போலீஸ்காரர் அதைத் துணியில் சுற்றி, கைபடாமல், குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார். நான் அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன்.

ஸ்டேஷனில் நடந்ததை அவர் எனக்குப் பல வருஷம் கழித்து, ஒரே ஒரு தடவை சொன்னார்.

“சபையில ஒம் பதவி என்னடா?” என்று கேட்டிருக்கிறார் இன்ஸ்பெக்டர்.

“வலக்கைங்கய்யா.”

“வெட்டுறது ஒன் வேலைதானே?”

“நாடகத்துலங்கய்யா.”

“நாடகத்துலதான்டா கேக்குறேன். யாரு தலை?”

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சுவரோரம் உட்காரவைத்துக் காலை நீட்டச் சொன்னார்கள். உள்ளங்காலில் அடித்தார்கள். மறுபடியும் யார் தலை என்று கேட்டார்கள். மறுபடியும் அடித்தார்கள்.

“ஏங்க சொல்லல? ஊருக்கே தெரிஞ்ச பேருதானே?” என்று நான் கேட்டேன்.

“அண்ணனே வந்து சொல்லிடுவாருன்னு இருந்தேன். நானாப் போயி மாட்டிவிட்டதா ஆயிடக் கூடாதுல்ல.”

இன்ஸ்பெக்டர் நிஜமாகவே அப்படி ஒரு சபை இருக்கிறது என்று நம்பினாரா, நம்பியதுபோல் இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூலி கேட்டவர்களெல்லாம் சபையின் ஆட்கள் என்று வழக்கு எழுத அது வசதியாக இருந்தது. கண் என்று ஒருவனை, கால் என்று ஒருவனை, இடக்கை என்று ஒருவனை, எங்கள் தெருவிலிருந்தே அள்ளிக்கொண்டு போனார்கள். எல்லாம் நாடகத்தில் நடித்தவர்கள். அறுவடை அதன் பிறகு பிரச்சினை இல்லாமல் நடந்தது. வெளியூர் ஆட்கள் அறுத்தார்கள்.

நான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் மிராசுதாரின் கார் நின்றது. அந்த மாசம்தான் மிராசுதார் கட்சியில் சேர்ந்திருந்தார். சால்வை போட்டு வரவேற்ற கூட்டத்தில் மைக்கில் பேசியவர் அண்ணன்தான். கார் போகும்வரை நான் மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்றேன். அப்புறம் உள்ளே கூப்பிட்டார். அவர் சம்சாரம் எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொண்டுவந்து கையில் கொடுத்தார். எல்லோருக்கும் கொடுக்கிற டம்ளர்தான். அந்த வீட்டில் அந்தக் குறை என்றைக்கும் இருந்ததில்லை.

“கேள்விப்பட்டேன்மா,” என்றார் அண்ணன். “மனசே சரியில்ல.”

“நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ணே. அது நாடகம், எழுதினது நாந்தான்னு.”

“நாடகம்னு அவனே சொல்லியிருப்பானே.”

“அவங்க சொன்னா நம்பலைண்ணே. நீங்க சொன்னா நம்புவாங்க.”

அவர் மேசைமேல் இருந்த பேப்பரை மடித்து வைத்தார். “இப்ப நேரம் சரியில்லம்மா. பஞ்சாயத்து யூனியன் தேர்தல் வருது. என்னையத்தான் நிறுத்தப் போறாங்க. நடக்குறது நம்ம ஆட்சி. நம்ம ஆட்சியில போலீசு தப்பா ஆளைப் புடிச்சிடுச்சின்னு நானே போயி எப்புடிச் சொல்றது?”

“நம்ம ஆட்சிங்கிறதாலதாண்ணே உங்ககிட்ட வந்தேன்.”

“நோட்டீசுல எம் பேரு போட்டிருக்கா? புனைபெயருதானே. நான்தான் எழுதினேன்னு நானே போயி ஏன் ஆதாரம் குடுக்கணும்? கொஞ்சம் பொறுத்துக்க. தேர்தல் முடியட்டும்.”

எனக்கு அதற்கு மேல் கெஞ்ச வரவில்லை. “கடைசி சீனை எழுதினது நீங்கதானேண்ணே,” என்றேன்.

அவர் முகம் மாறியது. கோபம் என்று நினைத்தேன். இல்லை, கூச்சம். அதோடு எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் சம்சாரம் என்னிடம் ஒரு பையில் அரிசி கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். வாங்காமல் வந்தேன் என்று எழுத ஆசைதான். வயிற்றில் பிள்ளை இருந்தது, வீட்டில் அரிசி இல்லை.

தேர்தல் முடிந்தது. அண்ணன் ஜெயித்து சேர்மன் ஆனார். ஜாமீனுக்கு எங்களிடம் சொத்து இல்லை. வழக்கு வாய்தா வாய்தாவாகப் போனது. பிள்ளை பிறந்தான். செங்கொடிச் சங்கத்து வக்கீல் ஒருவர் பீஸ் வாங்காமல் வாதாடினார். நாடகம்தான் என்று கூண்டில் ஏறிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று தேடினார். எங்கள் தெரு ஆட்கள் சொன்னால் எடுபடாது. மற்ற தெரு ஆட்கள் நாடகமே பார்த்ததில்லை என்றார்கள். விடிய விடிய முன்வரிசையில் உட்கார்ந்து விசிலடித்தவர்கள் எல்லாம் அந்த ஊரில்தான் இருந்தார்கள்.

மைக் செட் பாய் வந்தார். நான் போய்க் கேட்டதும், “நாளைக்கா, நாளான்னைக்கா, எந்தக் கோர்ட்டு, அத மட்டும் சொல்லும்மா” என்றார். அவ்வளவுதான்.

கோர்ட்டில் நாடகக் கத்தியைச் சான்றுப் பொருளாக மேசையில் வைத்திருந்தார்கள். வெள்ளித் தாள் பாதி உரிந்து கிடந்தது. எங்கள் வக்கீல் அதை எடுத்து மேசையில் தட்டினார். தக்கைச் சத்தம் கேட்டது. ஜட்ஜ்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். பாய் கூண்டில் ஏறி, எந்தெந்த ஊரில் நாடகம் போட்டார்கள், எங்கே விளக்கு கட்டினார், எந்தக் காட்சியில் பச்சை விளக்கு, எந்தக் காட்சியில் சிவப்பு என்று நிதானமாகச் சொன்னார். வழக்கு அங்கேயே உடைந்துவிட்டது என்று எனக்குக்கூடத் தெரிந்தது.

அப்போது அரசு வக்கீல் எழுந்தார். “எல்லா ஊருக்கும் கூடவே போயிருக்கீங்க. சபைக்குத் தலைவரா நடிச்சது யாரு?”

பாய் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் அவரைத்தான் பார்த்தேன். சொல்லட்டும் என்று மனசுக்குள் கத்தினேன். இந்தக் கோர்ட்டில், இத்தனை பேர் முன்னால், ஒரு தடவை அந்தப் பெயர் காற்றில் வரட்டும். சேர்மன் வந்து இந்தக் கூண்டில் நிற்கட்டும்.

என் வீட்டுக்காரர் தலையை அசைத்தார். வேண்டாம் என்று.

“மொகத்துல கறுப்புத் துணி கட்டியிருந்தாருங்க,” என்றார் பாய். “யாருன்னு தெரியல.”

விடுதலை செய்தார்கள். ஆனால் அந்தத் தலையசைப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. சேர்மனை மன்னிக்காதது வேறு. அவர் பயந்தார், பதவியைப் பார்த்தார், அது எனக்குப் புரிகிறது. இவர் எதைப் பார்த்தார்? உள்ளங்கால் இரண்டும் போய், பெற்ற பிள்ளையை ஒரு நாளும் தூக்காமல் இருந்த மனுஷன், நாடகத்தில் ஏற்றுக்கொண்ட ஒரு சத்தியத்தை எனக்கு முன்னால் காப்பாற்றினார். நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையில் பாதிச் சண்டை இதைப் பற்றித்தான், வேறு வேறு பெயரில்.

வீட்டுக்கு வந்தபோது பிள்ளை நடந்துகொண்டிருந்தான். அவரைப் பார்த்து வீரிட்டு அழுதான். சேற்றில் நிற்க அவரால் முடியவில்லை. கொஞ்ச நேரம் நின்றாலே கால் வீங்கிவிடும். அதனால்தான் உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பஞ்சர் கடை. பின்னால் எனக்குச் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர் வேலை கிடைத்தது. கட்சிக் கூட்டங்களுக்கு மைக் செட் போடுகிற வேலை பாய்க்கு அதன் பிறகு வரவில்லை. கேட்டால், “எம் பையன் துபாய் போறான்மா, இனிமே எனக்கென்ன” என்று சிரிப்பார்.

ஏஜெண்டை யார் வெட்டியது என்று யாரும் அதற்குப் பிறகு தேடவில்லை. பல வருஷம் கழித்து மாயவரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நரைத்த தலை, வெள்ளைப் புடவை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, “நீங்க வலக்கை சம்சாரம்தானே?” என்றார். ஏஜெண்டின் மனைவி. புருஷன் செத்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூதலூர் பக்கம் பிறந்த ஊருக்குப் போய்விட்டவர்.

“உங்க வூட்டுக்காரர் செய்யலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்,” என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

“எங்க வூட்டுக்காரரு பேருல இருந்த நெலத்தத் திருப்பி எழுதிக் குடுன்னு மிராசுதாரு கேட்டாரு. இவரு மாட்டேன்னுட்டாரு. இவ்வளவு நாளு ஒழைச்சேன், எம் பேருல இருக்கறது எனக்கே இருக்கட்டும்னாரு. பெரிய வூட்டுல கூப்புடறாங்கன்னு ஆளு வந்தாங்க. போனாரு. அதோட சரி. கருமாதி முடியறதுக்குள்ள எங்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க.”

“போலீசுல சொல்லியிருக்கலாமே.”

“யாருகிட்ட? அந்த இன்ஸ்பெக்டருகிட்டயா?” அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “எனக்கும் ரெண்டு புள்ளைங்க. வெளிய ஆளுங்க நின்னுகிட்டே இருந்தாங்க. உங்களப் பத்தி நெனைக்காத நாளு இல்ல.”

நினைத்து என்ன செய்தீர்கள் என்று கேட்க வாய் வந்தது. ஆனால் அவர் காலில் செருப்பு இல்லை. எங்கேயோ கூலி வேலைக்குப் போகிற கை அவருடையது. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் கடையில் வைத்து இவரிடம் சொன்னேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டே, “அந்தப் பொம்பளைக்கு நெலத்துல ஒரு காணி கூட வுடலையா?” என்றார். அதுதான் அவர் கேட்டது.

பிறகு அண்ணனுக்கு வயதாகி, எழுதியதையெல்லாம் புத்தகமாகப் போட்டார்கள். ‘குருதிச் சபை’யும் அச்சில் வந்தது, இந்தத் தடவை சொந்தப் பெயரில். திருவாரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. எங்களை அழைத்துப் போக வேனே வந்தது. தலைமை தாங்கியவர் அந்த மிராசுதாரின் மகன். அவரும் கட்சியில் பெரிய ஆள்.

அண்ணன் குரல் நடுங்கப் பேசினார். “இந்த நாடகத்தைக் கண்டு ஆதிக்கம் நடுங்கியது. நடித்த தோழரைச் சிறையில் தள்ளினார்கள். அப்போதும் அவர் காட்டிக் கொடுக்கவில்லை. எங்கள் இயக்கத்துக்கு அப்படிப்பட்ட வலக்கைகள் இருந்தார்கள்.” கைதட்டல். யாருடைய ஆட்சியில் தள்ளினார்கள் என்று சொல்லவில்லை. கேட்பவர்களும் இல்லை.

இவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள ஏறினார். அண்ணன் சால்வை போர்த்தினார். நாலு வார்த்தை பேசச் சொல்லி யாரோ மைக்கைக் கையில் கொடுத்தார்கள். இவர் மண்டபத்தைப் பார்க்காமல் அண்ணன் பக்கம் திரும்பினார்.

“ஏண்ணே அன்னிக்கு வரல?” என்றார்.

குரல் பழைய குரல். கடைசி வரிசைவரை கேட்டது. அண்ணன் வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. அந்த ஒரு நிமிஷம் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நிமிஷம்.

மிராசுதாரின் மகன் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். “அண்ணன் நேரில் வந்து அழைக்காமல் வேன் அனுப்பிவிட்டாரே என்று தோழர் உரிமையோடு கோபித்துக்கொள்கிறார். இந்தப் பாசம்தான் நம் இயக்கம்” என்றார். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டியது. அண்ணன் இவரைக் கட்டிக்கொண்டு அழுதார். நிஜமான அழுகைதான். போட்டோ எடுத்தார்கள். அடுத்த நிகழ்ச்சிக்குப் பாட்டுப் போட்டார்கள்.

வேனில் வரும்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் அப்படியெல்லாம் பிடித்துக்கொள்கிறவர்கள் இல்லை. “கேட்டுட்டீங்க,” என்றேன். “கேட்டேன்,” என்றார். “அவருக்கும் பதில் தெரியல போலருக்கு.”

அதற்கடுத்த கார்த்திகையில், அடைமழை நாளில் அவர் போய்ச் சேர்ந்தார். கட்சிக்காரர்கள் கொடியோடு வந்தார்கள், உடம்பின்மேல் போர்த்த வேண்டும் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

என் மகன் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான். நெல் கொள்முதல் நிலையத்தில் அவனுக்கு வேலை. அண்ணன் சிபாரிசில் வந்த வேலை, எனக்குத் தெரியாமல் அவனே போய்க் கேட்டு வாங்கியது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

“அம்மா, வந்தவங்கள மொகத்துல அடிச்ச மாதிரி அனுப்பாத. நாளைக்கு நான் அவங்க மூஞ்சில முழிக்கணும்.”

“ஒங்கப்பன அடிச்சது யாருன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும். அதுக்கு இப்ப என்னா பண்ணணுங்கற?”

அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். நான் வழியை விட்டு விலகினேன். கொடியை விரித்தார்கள். நாலு முனையில் ஒன்றை என் மகன் பிடித்திருந்தான். மழையில் நனைந்த கொடி, அவர் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. சுருக்கம் இல்லாமல் அதை இழுத்து, கையால் நீவி நேராக்கினான்.